எதிர்வீட்டு மாத்திரை

மடவாய்க்கால் ஊரில் ஒருவர் விழுங்கும் மாத்திரை அவர் உடம்பில் வேலை செய்யாது. எதிர்வீட்டுக்காரரின் உடம்பில்தான் வேலை செய்யும். தலைவலி வந்தால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "கொஞ்சம் ஒரு மாத்திரை போட்டுக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். அவர்களும் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து போட்டுக்கொள்வார்கள். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள், தண்ணீர் வருமா காற்று வருமா என்று கேட்பதற்கு முன்னால் எதிரில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பார்கள்.

ஆண்டுக்கொரு முறை யானைக்கால் நோய்க்கு மாத்திரை கொடுக்கும் நாளிலும் இதே முறைதான். நோய் இருக்கிறவர், இல்லாதவர் என்ற பேச்சே கிடையாது; ஊர் முழுக்க விழுங்க வேண்டும். கர்ப்பிணிகளின் எதிர்வீட்டுக்காரர்களுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் எதிர்வீட்டுக்காரர்களுக்கும் மட்டும் விலக்கு. வெறும் வயிற்றில் கூடாது என்பதால், எதிரில் இருப்பவர் சாப்பிட்டாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் விழுங்குவார்கள். குடும்ப அட்டையில் முதல் பெயர் முதல் பெயருக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு. எதிர்வீட்டில் ஆள் குறைந்தால் மிச்ச மாத்திரை அந்த வீட்டு ஆட்டுக்குப் போகும். விழுங்கியவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்; எதிர்வீட்டுக்காரருக்கு இடது ஆள்காட்டி விரலில் மை. ரத்தத்தில் புழு இருந்தால் அது சாகும்போது காய்ச்சல் அடிக்கும். அதனால் மறுநாள் காலையில் தெருவில், "நேத்து நல்லா முழுங்கியிருக்கீங்க போலிருக்கே, எனக்கு ஒரே நடுக்கம்" என்று ஒருவரும், "ஒண்ணு தொண்டையில நின்னுடுச்சுண்ணே, அப்புறம் மோர் குடிச்சு இறக்கினேன்" என்று இன்னொருவரும் பேசிக்கொள்வது சாதாரணம்.

இந்த மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டுபோய், கண்ணெதிரே விழுங்கவைத்து, பதிவேட்டில் குறிக்கிற வேலை ஜெயக்கொடியுடையது. யானைக்கால் நோய்த் தடுப்புப் பிரிவில் களப்பணியாளராக இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நாற்பத்தெட்டு வயது. வேகமாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள். யாராவது மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்தால் அவர்கள் பேச்சில் 'ழ' வராமல் போவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். சந்தேகம் வந்தால் "வாழைப்பழம் சொல்லுங்க" என்பாள்.

அவளும் அவள் கணவன் மரியசெல்வமும் வாய்க்கால் கரைத் தெருவில் கடைசி வீட்டில் இருந்தார்கள். அவன் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். அவர்கள் வாசலுக்கு நேர் எதிரே வீடு கிடையாது. பேரூராட்சியின் மோட்டார் ரூம்தான் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் இருவரும் ஒழுங்காக விழுங்கினார்கள். அந்த மோட்டார் ஒருமுறைகூடப் பழுதானதில்லை. இவர்களுக்காக விழுங்கத்தான் எதிரில் ஆள் இல்லை. ஜெயக்கொடி இதைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருந்தாள். "எதிர்வீடு இல்லாத ஊழியர்கள் எதிரில் உள்ளதைக் கொண்டு நிறைவு கொள்ளவும்" என்று பதில் வந்தது. அவள் அதைக் கோப்பில் வைத்து நிறைவு கொண்டாள்.

மடவாய்க்காலில் ஐந்தாவது வருஷ மாத்திரைச் சுற்று தொடங்குவதற்கு முன்னால் டாக்டர் இமானுவேல் அவளைக் கூப்பிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் அவர். எந்தச் செய்தியையும் பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொல்லுவார். மேசைமேல் ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருந்தன.

"போன மாசம் எடுத்ததுல ரெண்டு பேருக்கு இன்னும் இருக்கு. ரெண்டும் பழைய தபால் ஆபீஸ் தெரு. பதினேழாம் நம்பர், பதினெட்டாம் நம்பர்."

"எதிர் எதிர் வீடு சார்."

"அப்படின்னா ரெண்டு பேருமே முழுங்கல."

"நாலு வருஷமா முழுங்கல சார்."

"கொசு எதிர்வீடு பக்கத்துவீடு பார்க்காது. ரெண்டு பேர் போதும் அதுக்கு. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு ரத்தம் எடுப்பாங்க. அதுல வந்துச்சுன்னா முதல் சுற்றிலேருந்து ஆரம்பிக்கணும்." அவர் தாளை மடித்தார். "உன் வீட்டுல ரத்தம் எடுத்தாங்களா?"

"நாங்கதான சார் எடுக்குற ஆளுங்க. எங்களுக்கு எடுக்க ஆள் போடல."

"அதுவும் சரிதான்," என்றார் டாக்டர்.

பதினேழாம் நம்பரில் மங்கையர்க்கரசி இருந்தார். அரசுப் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டாம் நம்பரில் அரங்கநாதன். பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவர். டீச்சரின் மகளைத்தான் அரங்கநாதனின் மகனுக்குக் கட்டியிருந்தது. எதிர்வீட்டிலேயே சம்பந்தம் செய்தால் மாத்திரைக்குப் பிரச்சினை வராது என்று எல்லோரும் சொல்லித்தான் செய்தார்கள். பிள்ளைகள் இருவரும் கோயம்புத்தூரில் சந்தோஷமாக இருந்தார்கள். டீச்சரின் கணவரும் அரங்கநாதனின் மனைவியும் முன்பே காலமாகிவிட்டதால் இரண்டு வீட்டிலும் ஆளுக்கொருவர்தான் மிச்சம். பன்னிரண்டு அடித் தெருவுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

காரணம் கல்யாணப் பத்திரிகை. பெண்வீட்டார் அடித்த பத்திரிகையில் அரங்கநாதன் என்ற பெயர் 'அரங்கநதன்' என்று வந்துவிட்டது. துணைக்கால் விட்டுப்போயிருந்தது. "ஐநூறு பத்திரிகை. ஐநூறுலயும் எனக்குக் கால் இல்ல" என்று அவர் அப்போது சொன்னார். அதற்கு அவர் செய்தது, மறுவீட்டு விருந்தில் பெண்வீட்டாரை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தது. டீச்சரின் இலைக்கு அப்பளம் வரும்போது தீர்ந்துபோயிருந்தது. அன்றிலிருந்து ஒருவருக்காக இன்னொருவர் எந்த மாத்திரையும் விழுங்குவதில்லை. டீச்சர் தலைவலிக்குத் தைலம் தடவிக்கொண்டார். தைலம் தடவுகிறவருக்கே வேலை செய்யும். அரங்கநாதனின் இடது கால், கல்யாணத்துக்கு மறுவருஷம் வீங்கத் தொடங்கி, இப்போது வேட்டிக்கு வெளியே தனியாகத் தெரிகிற அளவுக்கு வந்திருந்தது.

வீங்கிய கால் மாத்திரையால் வடிந்துவிடாது, அது ரத்தத்தில் இருப்பதைத்தான் துடைக்கும், அடுத்தவருக்குப் பரவாமல் நிறுத்தும் என்று ஜெயக்கொடி அவருக்கு விளக்கியிருந்தாள். காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைக்கவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். அவர் காலையில் ஏழு மணிக்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் கொடுத்த நீலத் தொட்டியில் காலை வைத்துக் கழுவுவார். கழுவும்போது எதிர்வீட்டுப் பக்கமே பார்க்கமாட்டார். கழுவுவது எதிர்வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும் அவருக்கு முக்கியம்.

மாத்திரை நாளன்று ஜெயக்கொடி முதலில் பதினேழாம் நம்பருக்குப் போனாள்.

"டீச்சர், இந்த வருஷமாவது."

"இப்ப என்ன, நான் முழுங்கணும். அவ்வளவுதானே? குடு."

ஜெயக்கொடி அவசரமாகப் பதிவேட்டைத் திறந்தாள். டீச்சர் மாத்திரைகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு கூடம், சமையலறை எல்லாம் தாண்டிக் கொல்லைப்புறத்துக்கு நடந்தார். கொல்லைக் கதவைத் திறந்து அதன் நிலைப்படியில் நின்று, சின்ன மாத்திரை மூன்றையும் விழுங்கி, பெரிய மாத்திரையை நன்றாகக் கடித்துத் தின்றார். தண்ணீரும் குடித்தார்.

"டீச்சர், இது கொல்லை வாசல்."

"வாசல்தானே? வாழைப்பழம். போதுமா?"

கொல்லைக்கு எதிரில் சந்தில் குடை ரிப்பேர் செய்யும் கமருதீன் வீடு இருந்தது. மறுநாள் மதியம் கமருதீன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தார்.

"யாரு தாயி எனக்கு ரெண்டு தடவ முழுங்கினது? எங்க எதிர்வீட்டுப் பாத்திமுத்து ஒரு தடவதான் முழுங்குனேன்னு சத்தியம் பண்ணுது."

ஜெயக்கொடி விஷயத்தைச் சொன்னாள். அவர் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார். "டீச்சரா? சரி, படிச்சவங்க. ஆனா அடுத்த தடவ ஒரு வார்த்த சொல்லிட்டு முழுங்கச் சொல்லு. ஆடி மாசத்துல நான் குடைய விட்டுட்டுப் படுக்க முடியாது." டாக்டர் இமானுவேல் அவர் நாடியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இனி ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்லை" என்றார். கமருதீனுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. நான்காம் நாள் ஒன்பது இட்லி சாப்பிட்டார்.

விடுபட்டவர்களுக்கென்று ஒரு வாரம் அவகாசம் உண்டு. ஜெயக்கொடி தினமும் போனாள். அரங்கநாதன் தொட்டியில் காலை வைத்துக்கொண்டே, "நான் முழுங்கத் தயார்னு சம்பந்தி அம்மாகிட்ட சொல்லு. ஐநூறு பத்திரிகையும் திருத்தி அடிச்சு வந்த மறுநிமிஷம் முழுங்குறேன்" என்றார். டீச்சருக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. ஆனாலும் ஜெயக்கொடி தெருவைக் கடந்துபோய்ச் சொல்லும்வரை காத்திருந்து, "கல்யாணம் முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சுன்னு அவருகிட்ட சொல்லு. யாரைக் கூப்பிடப்போறாராம்?" என்றார். இப்படி நாலைந்து முறை தெருவைக் கடந்தாள். ஆறாம் நாள் நடுத்தெருவில் செருப்பு வார் அவள் காலை இறுக்கிப் பிடித்தது. குனிந்து வாரைத் தளர்த்திவிட்டு வந்து, டீச்சர் வீட்டுக் கூடத்தில் கேட்காமலேயே உட்கார்ந்தாள்.

டீச்சர் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஜெயக்கொடி காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐய, என்ன டீச்சர்."

"நீட்டு. முப்பத்தோரு வருஷம் அளவெடுத்திருக்கேன். கண்ணாலயே தெரியுது, இருந்தாலும் பாத்துடுவோம்." கணுக்காலைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். "வலது எட்டரை." மறுகாலுக்கு மாற்றினார். "இடது ஒன்பதே முக்கால். எப்பலேருந்து?"

"சாயங்காலம் ஆனா கொஞ்சம் கனக்கும். காலையில சரியாப் போயிடும்."

"எப்பலேருந்துன்னு கேட்டேன்."

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"உனக்கு யாரு முழுங்குறது?"

"யாரும் இல்ல டீச்சர். எதிர்ல மோட்டார் ரூம்."

டீச்சர் நாடாவைச் சுருட்டினார். சுருட்டி முடித்ததும் மறுபடி பிரித்து மறுபடி சுருட்டினார். ஊரில் எல்லாருடைய வாயையும் திறந்துபார்த்தவள் இவள். இவளுக்காக ஒருவர்கூட வாயைத் திறந்ததில்லை என்பது அவருக்கு இப்போதுதான் தெரியவந்தது, தெரியவந்தது பிடிக்கவில்லை.

"எதிர்வீடுன்னா என்ன கணக்கு? உங்க கையேட்டுல என்ன எழுதியிருக்கு?"

ஜெயக்கொடிக்கு அது மனப்பாடம். "நேர் எதிர்ல வாசல் இருக்கணும். அந்த வாசலுக்குள்ள அடுப்பு மூட்டி ஒரு வேளையாவது சமைச்சுச் சாப்பிட்டிருக்கணும். குடும்ப அட்டை இல்லன்னா தற்காலிக எதிர்வீட்டுப் படிவத்துல பேர் எழுதணும்."

"மோட்டார் ரூமுக்கு வாசல் இருக்கா?"

"இரும்புக் கதவு இருக்கு டீச்சர்."

"அப்ப நாளைக்கு நான் அங்க வந்து சமைக்கிறேன். சாவி வாங்கி வை."

ஜெயக்கொடி பதிவேட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டு, "எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேர் டீச்சர். அவருக்கும் யாரும் கிடையாது. நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

தெருவின் அந்தப்புறத்திலிருந்து தொட்டித் தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்டது.

"ரெண்டாவது ஆளா நான் இருக்கேன்னு சம்பந்தி அம்மாகிட்ட சொல்லு," என்றார் அரங்கநாதன்.

ஜெயக்கொடி வழக்கம்போல எழுந்து, சொல்ல வாயெடுத்தாள். "வேணாம், உட்காரு. கேட்டுச்சு," என்றார் டீச்சர்.

மறுநாள் காலை பேரூராட்சி அலுவலகத்தில் சாவி கிடைக்கவில்லை. அது தொலைந்து வெகுநாள் ஆகிறது என்றார்கள். மரியசெல்வம் வந்து ஒரு கம்பியால் பூட்டைத் திறந்துவிட்டு, எண்ணெயும் போட்டுவிட்டுப் போனான். உள்ளே மோட்டார் கிண்ணென்று ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், வாணலி, அரைப்படி ரவையோடு வந்தார். அரங்கநாதன் தன் பிளாஸ்டிக் நாற்காலியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மடியில் நான்கு பச்சைமிளகாய், ஒரு துண்டு இஞ்சி.

முதலில் படிவம். யார் பெயர் முதலில் வருகிறதோ அவர் விழுங்குவது ஜெயக்கொடிக்குப் போகும். இரண்டாவது பெயர் மரியசெல்வத்துக்கு. இருவருக்குமே முதலில் வர வேண்டியிருந்தது.

"காலைப் பாத்தது நான். அளந்தது நான்," என்றார் டீச்சர், மோட்டாரைப் பார்த்து.

"நாலு வருஷமா என் காலைக் கழுவக் கத்துக்குடுத்தது ஜெயக்கொடி," என்றார் அரங்கநாதன், அதே மோட்டாரைப் பார்த்து. "அந்தக் கஷ்டம் எனக்குத்தான் தெரியும். வீங்கின கால் எப்படி இருக்கும்னு வேற யாருக்கும் தெரியாது."

ஜெயக்கொடி படிவத்தையும் பேனாவையும் நீட்டியபடி நின்றாள். மோட்டார் ஓடியது. கடைசியில் டீச்சர்தான் வாங்கினார். கரும்பலகையில் எழுதுவதுபோல, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி எழுதினார். எழுதிய தாளை அரங்கநாதனிடம் கொடுக்காமல் நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்துவிட்டு ஸ்டவ் பக்கம் போய்விட்டார்.

அரங்கநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் பெயர் அவருடையது. 'அரங்கநாாதன்' என்று எழுதியிருந்தது. இரண்டு துணைக்கால்.

"ஒண்ணு கூட இருக்கே," என்றார் ஜெயக்கொடியிடம்.

"ஒண்ணு அப்ப விட்டதுன்னு சொல்லு," என்றார் டீச்சர், ரவையை வறுத்துக்கொண்டே.

அவர் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். கையெழுத்திலும் இரண்டு கால் போட்டார்.

உப்புமா ஆனதும் வாழை இலை ஒன்றுதான் இருப்பது தெரிந்தது. அரங்கநாதன் அதைக் கழுவி டீச்சருக்கு முன்னால் விரித்தார். "முதல் பந்தின்னு சொல்லு," என்றார். டீச்சர் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு அரங்கநாதன் வாணலி மூடியில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்ததை அவர் யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை.

எதிரே, ஜெயக்கொடி தன் வீட்டு வாசலில் கணவனோடு நின்றாள். இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களை நிறுத்திவைத்த மாதிரி தானே நிற்பது அவளுக்கு என்னவோபோல இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரும்புக் கதவைத் திறந்துகொண்டு இருவரும் வாசலுக்கு வந்தார்கள். மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் தெருவுக்கு இந்தப்புறம் குரல் கொடுத்தார்:

"ஜெயக்கொடி! சாப்பிட்டாச்சா?"

அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து எதிரிலிருந்து யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. "ஆச்சு டீச்சர்," என்று சொல்ல வந்தது, பாதிதான் வந்தது. மரியசெல்வம், "ரெண்டு பேருக்கும் ஆச்சு டீச்சர், பழைய சோறு," என்று முடித்துவைத்தான்.

அவர்கள் விழுங்கினார்கள். இவர்களும் விழுங்கினார்கள். ஜெயக்கொடி விழுங்கியது அரங்கநாதனுக்கும், மரியசெல்வம் விழுங்கியது டீச்சருக்கும் போயிற்று. அவள் தெருவைக் கடந்துபோய் அவர்கள் விரலில் மை வைத்தாள். பிறகு மைக்குச்சியை டீச்சரிடம் கொடுத்து, தன் இடது ஆள்காட்டி விரலை நீட்டினாள். டீச்சர் ஒரு புள்ளி போதும் என்ற இடத்தில் நகம் முழுக்கப் பூசிவிட்டார்.

"வாழைப்பழம் சொல்லுங்க," என்றாள் ஜெயக்கொடி, வழக்கத்தில்.

"வாழைப்பழம்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அது ஆறு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை. சொன்னதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மறுநாள் ஜெயக்கொடிக்குக் காய்ச்சல் அடித்தது. நடுக்கம், மூட்டு வலி, தலைக்கு மேலே யாரோ உலக்கை போடுவதுபோல. அவள் போர்வைக்குள் படுத்து நிம்மதியாக நடுங்கினாள். ஒன்றுமே இருக்காது என்று எல்லோரும் நினைத்த மரியசெல்வத்துக்கு அவளைவிட அதிகமாக அடித்தது. டாக்டர் இமானுவேல் வந்து இருவரையும் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய தபால் ஆபீஸ் தெருவில் டீச்சரும் அரங்கநாதனும் அவரவர் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். எதிர்வீட்டுக்குக் கஞ்சி வேண்டுமா என்று இருவரும் தனித்தனியாகக் கமருதீனிடம் கேட்டனுப்பினார்கள். வேண்டாம் என்று இருவரும் தனித்தனியாகச் சொல்லியனுப்பினார்கள். கமருதீன்தான் இரண்டு கஞ்சியையும் குடித்தார்.

அந்த வருஷம் மாத்திரை கிடைக்காததால் மோட்டார் புரட்டாசியில் நின்றுபோனது. இரண்டு வாரம் லாரியில் தண்ணீர் வந்தது. குடம் எடுத்து நின்றவர்கள் ஜெயக்கொடியைப் பார்த்தபோது, "கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஆறாவது சுற்றிலும் டீச்சரும் அரங்கநாதனும் ஒருவருக்காக ஒருவர் விழுங்க மறுத்துவிட்டார்கள். இரண்டு கால் போட்டதற்கு அரங்கநாதன் நன்றி சொல்லவில்லை என்று டீச்சருக்கும், உப்புமாவில் உப்பு அதிகம் என்று தெரிந்தும் டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அரங்கநாதனுக்கும் புதிதாக வருத்தம் இருந்தது. ஆகவே மறுபடி மோட்டார் ரூமுக்கு வந்து, ஒரே ஸ்டவ்வில் கோபமாகச் சமைத்து, ஒரே படிவத்தில் பெயர் எழுதி விழுங்கிவிட்டுப் போனார்கள். இந்த முறை யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஜெயக்கொடி அதை மூன்று நாள் காத்திருந்து உறுதிசெய்துகொண்டாள். டீச்சர் அவள் காலை அளந்தார். இடது ஒன்பது. அதற்குக் கீழே இறங்கவில்லை. "இது நின்னா போதும்," என்றாள் ஜெயக்கொடி. தினமும் காலையில் அவளும் ஒரு நீலத் தொட்டியில் காலைக் கழுவினாள்.

பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கும் இல்லை. டாக்டர் இமானுவேல் அந்தத் தாளைப் பேருந்து நேரம்போலவே படித்தார். படித்துவிட்டு ஜன்னலைத் திறந்தார், மூடினார். பிறகு ஜெயக்கொடியிடம் ஒரு உறையைக் கொடுத்தார். மடவாய்க்காலில் இனி வேலையில்லை என்பதால் அவளைக் கீழப்பொதுவூருக்கு மாற்றியிருந்தார்கள்.

"அந்த ஊர்ல எப்படி சார்? எதிர்வீடா, பக்கத்துவீடா?"

"வீடெல்லாம் அவங்கவங்களுக்குத்தான். நாள்தான் கொஞ்சம் மாறும். போய்ப் பாரு."

திங்கட்கிழமை அவள் கீழப்பொதுவூரில் பேருந்தைவிட்டு இறங்கியபோது நிழற்குடைக்குக் கீழே ஐம்பது அறுபது பேர் போர்த்திக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊரில் மாத்திரை விழுங்குவதற்கு முந்தின நாளே வேலை செய்துவிடும்.

"என்னம்மா இவ்வளவு லேட்டு?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி. "நேத்துலேருந்து காய்ச்சல். சீக்கிரம் குடு, முழுங்கிட்டுப் போறோம்."

ஜெயக்கொடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொருவராக விழுங்கினார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் போர்வை இல்லாமல், கைகட்டி, வரிசைக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றார். பெயர் கேட்டாள், தவமணி என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது. அவர் இன்று விழுங்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அவர் வெட்கத்தோடு தரையைப் பார்த்தார்.

"மாத்திரைன்னா தொண்டை அடைக்குதும்மா."

"மோர்ல போட்டுக்கலாம்ணே. நான் இங்கதான் இருப்பேன். பக்கத்துலயே நிக்கிறேன்."

தவமணி கட்டிய கையைப் பிரித்தார். "சரி," என்றார். "நாளைக்குக் கண்டிப்பா முழுங்கிடுறேன்."

ஜெயக்கொடி அவர் நெற்றியிலிருந்து இன்னும் கையை எடுத்திருக்கவில்லை. நெற்றி மெல்லச் சுடத் தொடங்கியது. அவள் தன் துண்டை எடுத்து அவர் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டு, பதிவேட்டில் நாளைய தேதியைப் போட்டு, விழுங்கிவிட்டார் என்று எழுதினாள்.